கண்ணாடிமேல் வளரும் படிகம்

1987இல், காட்மியம் டெல்லுரைடின் ஒற்றைப் படிகத்தில் செய்த சூரிய மின்கலம் ஒன்று தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் 13.4 சதவீதத்தை மின்சாரமாக்கியது. அணுக்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வரிசை பிசகாமல் அடுக்கி நிற்கும்படி பொறுமையாக வளர்த்தெடுத்த படிகம் அது. 1993இல் அமெரிக்காவின் தென் புளோரிடா பல்கலைக்கழகத்தினர் அதே பொருளை ஆவியாக்கிக் கண்ணாடித் தகட்டின்மேல் படியவைத்து 15.8 சதவீதம் எடுத்தார்கள். அந்தப் படலத்தில் ஒழுங்கு என்று சொல்ல அதிகம் இல்லை. மைக்ரான் அளவுள்ள எண்ணற்ற படிகமணிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் திரும்பி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உறைந்திருந்தன. குறைகடத்தி இயற்பியலின் பாலபாடத்துக்கே இது முரண். இரண்டு மணிகள் சந்திக்கும் எல்லையில் அணுப்பிணைப்புகள் அறுந்து நிற்கும். அங்கே எலெக்ட்ரான்கள் சிக்கி வீணாகும். அதனால்தான் சிலிக்கனில் ஒற்றைப் படிகக் கலம் பல்படிகக் கலத்தை எப்போதும் வென்று வந்திருக்கிறது. காட்மியம் டெல்லுரைடு மட்டும் ஏன் இப்படி நடந்துகொள்கிறது? இந்தக் கேள்வியின் பின்னால் போனால், மென்படல மின்கலங்களைப் பற்றி நாம் பேசும் முறையையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். எந்தப் பொருள் சிறந்தது என்றே எப்போதும் கேட்கிறோம். அந்தப் பொருள் எந்த வெப்பநிலையில், எவ்வளவு வேகத்தில், எதன்மேல், எந்த ஆவியின் நடுவே வளர்ந்தது என்பதுதான் கலத்தின் தரத்தில் பெரும்பங்கைத் தீர்மானிக்கிறது என்பது என் வாதம்.

முதலில், படலம் ஏன் மெல்லியதாக இருக்க முடிகிறது என்பதைப் பார்த்துவிடலாம். சிலிக்கன் ஒளியை மெதுவாகத்தான் விழுங்கும். அதன் ஆற்றல் இடைவெளி மறைமுகமானது; ஒளித்துகள் மட்டும் வந்து ஓர் எலெக்ட்ரானை மேலே தூக்கிவிட முடியாது, படிகத்தின் அதிர்வும் கூடவே கைகொடுக்க வேண்டும். அதனால் சிவப்பும் அகச்சிவப்பும் சிலிக்கனுக்குள் வெகுதூரம் ஊடுருவிப் போகின்றன. அவற்றைப் பிடிக்க 150 மைக்ரான் அளவுக்குத் தடிமன் வேண்டியிருக்கிறது. காட்மியம் டெல்லுரைடின் இடைவெளி நேரடியானது, ஏறத்தாழ 1.5 எலெக்ட்ரான் வோல்ட். இரண்டு மூன்று மைக்ரான் போதும், பயன்படக்கூடிய ஒளி அநேகமாக முழுதும் உள்ளே அடங்கிவிடும். ஒரு சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டால், மூன்று மைக்ரான் படலத்துக்கு ஏறக்குறைய 17 கிராம் காட்மியம் டெல்லுரைடு செலவாகிறது. 150 மைக்ரான் சிலிக்கன் வில்லைக்கு 350 கிராம், அறுக்கும்போது தூளாகப் போவது தனி. மென்படலத்தின் பெருமையைச் சொல்பவர்கள் வழக்கமாக இந்தக் கிராம் கணக்கோடு நின்றுவிடுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது தூரம். ஒளியால் விடுபட்ட எலெக்ட்ரான், படலத்துக்குள் இரண்டு மைக்ரான் கடந்தால் மின்முனையை அடைந்துவிடும். சிலிக்கனில் அது நூறு மைக்ரானுக்கு மேல் பயணப்பட வேண்டும். வழி குறுகும்போது வழியில் இருக்கும் குழிகளும் குறைவு. ஒழுங்கற்ற படலம் பிழைத்துக்கொள்வதற்கான முதல் காரணம் இதுதான். ஆனால் இது மட்டுமே போதாது என்பது பின்னால் தெரியும்.

படலம் வளரும் விதம் உண்மையிலேயே அழகானது. காட்மியம் டெல்லுரைடு உருகுவது 1092 டிகிரி செல்சியஸில். அவ்வளவு சூட்டுக்குப் போகவே வேண்டியதில்லை. வெற்றிடத்திலோ குறைந்த அழுத்தத்திலோ 600 டிகிரியைத் தாண்டியதுமே அது திண்மத்திலிருந்து நேராக ஆவியாகப் பதங்கமாகிறது. ஆவியில் காட்மியம் தனித்தனி அணுக்களாகவும் டெல்லுரியம் இரண்டிரண்டாக இணைந்த மூலக்கூறுகளாகவும் பிரிந்து பறக்கும். சில மில்லிமீட்டர் தள்ளி, சற்றே குறைந்த சூட்டில் காத்திருக்கும் கண்ணாடியில் அவை மறுபடி சேர்ந்து சேர்மமாகின்றன. இந்தச் சேர்க்கையில் விகிதம் பிசகிவிடாதா என்று தோன்றும். பிசகாது என்பதில்தான் இந்தப் பொருளின் நற்பேறு இருக்கிறது. தனிக் காட்மியமும் தனி டெல்லுரியமும் அந்தச் சூட்டில் எளிதில் ஆவியாகிவிடக் கூடியவை. சேர்மமோ அவற்றைவிட உறுதியானது. ஒரு காட்மியம் அணுவுக்கு இணை கிடைக்காவிட்டால் அது பரப்பில் தங்காமல் திரும்ப எழுந்து போய்விடுகிறது. டெல்லுரியம் மிகுந்தாலும் அப்படியே. விகிதத்தை ஒருவர் உட்கார்ந்து கண்காணிக்கத் தேவையில்லை, வளர்ச்சியே அதைச் சரிசெய்துகொள்கிறது. ஒரு நிமிடத்தில் பல மைக்ரான் வேகத்தில் அவசரமாகப் படியவைத்தாலும் சேர்மம் சேர்மமாகவே வருவதற்கு இதுவே காரணம். 1972இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் பட்டெல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த டீட்டர் பானெட்டும் ராபென்ஹார்ஸ்ட்டும் இத்தகைய படலத்தில் ஏறத்தாழ 6 சதவீதம் எடுத்துக் காட்டினார்கள். பத்தாண்டு கழித்து, புகைப்படச் சுருளுக்குப் பேர்போன கோடாக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதே பதங்கமாதல் வழியில் 10 சதவீதத்தை எட்டினார்கள்.

கண்ணாடிக்கு அணு ஒழுங்கு கிடையாது. மேலே வந்து உட்காரும் அணுக்களுக்கு இப்படி அடுக்கு என்று வழிகாட்ட அதனிடம் எந்த வார்ப்பும் இல்லை. கூடவே, சேர்மத்தின் அணுக்கள் கண்ணாடியோடு பிணைவதைவிடத் தங்களுக்குள் பிணைவதையே விரும்புகின்றன. எனவே படலம் விரிப்புபோல ஒரேயடியாகப் பரவுவதில்லை. மொட்டைமாடித் தரையில் கோடையின் முதல் தூறல் புள்ளி புள்ளியாக விழுந்து, புள்ளிகள் விரிந்து ஒன்றையொன்று தொட்டு, கடைசியில் தரை முழுதும் நனைவதுபோல அது தீவுதீவாகத் தொடங்கி மூடிக்கொள்கிறது. இரண்டு தீவுகள் சந்திக்கும் இடம் பின்னாளில் மணி எல்லையாக நிலைத்துவிடும். எத்தனை தீவுகள் பிறக்கும் என்பதைக் கண்ணாடியின் சூடும் ஆவி வந்து சேரும் வேகமும் தீர்மானிக்கின்றன. தகடு குளிர்ந்திருந்தால் அணு விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். தீவுகள் நெருக்கமாகப் பிறக்கும், மணிகள் பொடியாக இருக்கும். சூடு ஏறினால் அணு பரப்பில் ஓடியாடி நல்ல இடம் பார்த்து அமரும். தீவுகள் குறையும், மணிகள் தூண்தூணாகப் பெருத்து எழும். படலத்தின் அமைப்பைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமல்ல, பொருளின் உருகுநிலையோடு அதற்குள்ள விகிதம் என்று 1969இல் மோவ்சானும் டெம்சிஷினும் காட்டினார்கள். இன்றும் படலம் வளர்ப்பவர்கள் அந்த வரைபடத்திலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறார்கள். ஆனால் சூட்டை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. சன்னல்களுக்குப் போடும் சாதாரணக் கண்ணாடி 600 டிகிரியை நெருங்கும்போது தொய்யத் தொடங்கும். படிகம் இன்னும் சூடு கேட்கும், கண்ணாடி பொறுக்காது. இந்த இழுபறிக்கு நடுவில் எந்த இடத்தில் நிற்பது என்பதே ஒரு தனிக்கலை.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். காட்மியம் டெல்லுரைடு கலத்தில் சூரியன் கண்ணாடிப் பக்கமிருந்துதான் உள்ளே வருகிறது. அதாவது முதலில் படிந்த அடுக்குதான் சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. ஒளியின் பெரும்பகுதி அங்கேயே உறிஞ்சப்படுகிறது. எந்தப் படலத்திலும் முதலில் வளர்ந்த பகுதியே மிக மோசமானது. பொடிமணிகளும், அடுக்கு பிசகிய தளங்களும், அடியிலுள்ள பொருளோடு ஒத்துப்போகாத இழுவிசைகளும் அங்கேதான் குவிந்திருக்கும். மிகச் சிறந்த தரம் தேவைப்படும் இடத்தில் மிகத் தாழ்ந்த தரம் வந்து அமைவது இந்த அமைப்பின் பிறவிச் சிக்கல்.

அதனால் வளர்ப்பு அறையிலிருந்து வெளியே எடுத்த படலத்தை அப்படியே கலமாக்கினால் செயல்திறன் பரிதாபமாக இருக்கும். அதை மாற்றுவது ஓர் எளிய உப்பு. படலத்தின்மேல் காட்மியம் குளோரைடைப் பூசி 400 டிகிரி அளவில் சில நிமிடங்கள் வேகவைத்தால், அதே படலம் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ மின்சாரம் தருகிறது. இந்தத் துறையில் இதைவிட வியப்பான செய்முறை வேறில்லை என்றே நினைக்கிறேன். அது ஏன் வேலை செய்கிறது என்பது தெளிவாகத் தெரியாமலேயே பல ஆண்டுகள் எல்லோரும் செய்துவந்தார்கள். பின்னர் எலெக்ட்ரான் நுண்ணோக்கிகள் அணுவரை எட்டிப் பார்க்கும் திறன் பெற்றபோது விளக்கங்கள் ஒவ்வொன்றாக வந்தன. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தினர், மணிகளுக்குள் அடுக்கடுக்காகக் கிடந்த அடுக்குப் பிசகுகள் இந்தச் சிகிச்சைக்குப் பின் காணாமல் போவதைப் படம்பிடித்தார்கள். 2014இல் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகமும் டொலிடோ பல்கலைக்கழகமும் சேர்ந்து, குளோரின் அணுக்கள் மணி எல்லைகளில் டெல்லுரியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதையும், அதனால் எல்லையின் மின்தன்மையே மாறி எலெக்ட்ரானையும் அது விட்டுச்சென்ற துளையையும் பிரித்தனுப்ப உதவுவதையும் காட்டின. அதே ஆண்டில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தினர், நச்சுள்ள காட்மியம் குளோரைடுக்குப் பதிலாகக் கடல்நீரில் தாராளமாகக் கிடைக்கும் மக்னீசியம் குளோரைடைப் பயன்படுத்தியும் அதே பலன் கிடைப்பதை நிறுவினார்கள். வேலை செய்வது குளோரின்தான் என்பது இதனால் உறுதிப்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எல்லைகள் குறையல்ல, வரம் என்றே சிலர் எழுதிவிட்டார்கள். அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில், எலெக்ட்ரான் கற்றையால் படலத்தைத் தூண்டி எங்கெங்கே ஒளிர்கிறது என்று பார்த்தபோது, சிகிச்சைக்குப் பிறகும் மணி எல்லைகள் மங்கலாகவே தெரிந்தன. அங்கே இழப்பு நடக்கிறது, முன்னைவிடக் குறைவாக நடக்கிறது, அவ்வளவே. இது என் வாதத்தைக் கெடுப்பதாக நான் கருதவில்லை. படலம் குறையற்றதாகிவிடுகிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் குறை எங்கே, எந்த அணுவைத் துணைக்கு வைத்துக்கொண்டு இருக்கிறது என்பதை வளர்ப்பவர் தேர்ந்தெடுக்க முடிகிறது என்பதே போதும். பின்னாளில் வந்த செலினியமும் இதையே சொல்கிறது. படலத்தின் முன்பகுதியில் டெல்லுரியத்துக்குப் பதில் கொஞ்சம் செலினியத்தைக் கலந்தால் ஆற்றல் இடைவெளி சற்றுக் குறுகி, கூடுதல் சிவப்பொளி பிடிபடும் என்ற எண்ணத்தில்தான் அதைச் சேர்த்தார்கள். இடைவெளி குறுகினால் மின்னழுத்தமும் அதற்கேற்ப இறங்க வேண்டும். எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. செலினியம் செறிந்த இடங்களில் படலம் பிரகாசமாக ஒளிர்வதை, அதாவது அங்குள்ள குறைகளை அது அடக்கிவைப்பதை, 2019இல் லஃப்பரோ ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள். முதலில் வளரும் பகுதியே மோசமானது என்று மேலே சொன்னேனே, செலினியம் குடியேறுவதும் சரியாக அதே பகுதியில்தான். 2001இல் 16.5 சதவீதத்தை எட்டி ஏறத்தாழ பத்தாண்டு அங்கேயே நின்றுபோன இந்தக் கலம், 2016க்குள் 22.1 சதவீதத்துக்கு ஏறியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

வேறு பொருள்களில் வேறு கதைகள் நடந்தன. அவற்றிலும் இதே இழை ஓடுகிறது. செம்பு, இண்டியம், காலியம், செலினியம் நான்கும் சேர்ந்த படலத்தை எடுத்துக்கொள்ளலாம். 1990களின் தொடக்கத்தில் ஸ்வீடன் ஆய்வாளர்கள், இந்தப் படலம் விலையுயர்ந்த தூய கண்ணாடியின்மேல் வளர்ந்தால் சுமாராகவும், மலிவான சன்னல் கண்ணாடியின்மேல் வளர்ந்தால் சிறப்பாகவும் இருப்பதைக் கவனித்தார்கள். சன்னல் கண்ணாடியில் சோடியம் உண்டு. வளர்ச்சியின் சூட்டில் அது கண்ணாடியிலிருந்து கசிந்து, இடையிலுள்ள மாலிப்டினம் அடுக்கையும் தாண்டிப் படலத்துக்குள் ஏறிவிடுகிறது. சும்மா தாங்கி நிற்கிற தகடு என்று எல்லோரும் நினைத்த கண்ணாடி, படலத்துக்கு ஊட்டமாகவும் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் சோடியத்தைத் திட்டமிட்டுச் சேர்க்கத் தொடங்கினார்கள். 2013இல் சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகம் பொட்டாசியத்தையும் சேர்த்து, வளையும் பாலிமர் தாளின்மேலேயே 20.4 சதவீதம் எடுத்தது. காட்மியம் டெல்லுரைடுக்கு வாய்த்த தானே சரியாகும் குணம் இந்த நான்கு தனிமப் படலத்துக்கு இல்லை. செலினியம் மிகுந்தால் ஆவியாகிப் போகும். உலோகங்கள் விழுந்த இடத்திலேயே நிற்கும். எனவே வளர்ச்சியை மூன்று கட்டமாகப் பிரித்தார்கள்: முதலில் இண்டியமும் காலியமும், பிறகு அளவுக்குச் சற்று மிஞ்சும்வரை செம்பு, மறுபடி இண்டியமும் காலியமும், செலினியம் எப்போதும் உடனிருக்கும். நடுவில் செம்பு மிஞ்சும் அந்தச் சில நிமிடங்களில் மணிகள் பெருத்து வளர்கின்றன. செம்பு மிஞ்சிய கணத்தை எப்படி அறிவது? பரப்பில் செம்பு செலினைடு தோன்றியதும் அது வெப்பத்தைக் கூடுதலாக வீசத் தொடங்கும், தகட்டின் சூடு லேசாக இறங்கும். அந்தச் சிறு இறக்கத்தைப் பார்த்துத்தான் செம்பை நிறுத்துகிறார்கள்.

படிகமே ஆகாத சிலிக்கனுக்கு உயிர் கொடுத்தது ஹைட்ரஜன். சிலேன் வாயுவை மின்னேற்றிப் படியவைத்த படலம் நன்றாக வேலை செய்வதும், வெறும் சிலிக்கனை ஆவியாக்கிப் படியவைத்தது வேலை செய்யாததும் முதலில் புதிராக இருந்தது. சிலேனோடு வந்த ஹைட்ரஜன் அறுந்த பிணைப்புகளை மூடியதே காரணம் என்பது பிறகு தெரிந்தது. 1976இல் ஆர்சிஏ ஆய்வகத்தில் கார்ல்சனும் ரான்ஸ்கியும் அதில் 2.4 சதவீதக் கலம் செய்தார்கள். மறு ஆண்டே, வெயில் பட்டால் இந்தப் படலம் தளர்ந்துபோகிறது என்பதும் வெளிப்பட்டது. வளர்ப்பில் மூடிய எல்லாக் காயமும் ஆறியே இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு இது சாட்சி.

இனி, வலுவான மறுப்பு. உலகிலேயே ஒற்றைச் சந்திக் கலங்களில் மிக உயர்ந்த இடத்தில் இருப்பது காலியம் ஆர்சனைடு. ஆல்ட்டா டிவைசஸ் நிறுவனம் அதில் 29.1 சதவீதம் எடுத்தது. அது மென்படலம்தான், ஆனால் ஒற்றைப் படிகம். காட்மியம் டெல்லுரைடிலேயே 2016இல் இரண்டு சாதனைகள் வந்தன. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் அணு அடுக்கு அடுக்காக வளர்த்த ஒற்றைப் படிகக் கலத்தில் 1.1 வோல்ட்டைத் தொட்டது. மற்றோர் அமெரிக்கக் குழு பாஸ்பரஸ் சேர்த்த ஒற்றைப் படிகத்தில் 1 வோல்ட்டைத் தாண்டியது. பல்படிகப் படலங்கள் அப்போது 0.9 வோல்ட்டுக்குக் கீழேயே நின்றன. அப்படியானால் ஒழுங்குதானே கடைசியில் வெல்கிறது, பல்படிகத்தின் பழைய வெற்றி ஒற்றைப் படிகத்தைச் சரியாகக் கையாளத் தெரியாத காலத்தின் விபத்துதானே என்று கேட்கலாம். இந்த மறுப்பில் பாதி உண்மை. மின்னழுத்தத்தில் பல்படிகம் பின்தங்கியே இருக்கிறது, அதை மறைக்க முடியாது. மறுபாதியைப் பார்க்கலாம். அரிசோனாவின் அந்த வகைக் கலங்களில் கிடைத்த மிக உயர்ந்த செயல்திறன் 17 சதவீதம். அதே ஆண்டில் கண்ணாடிமேல் வளர்ந்த படலம் 22.1 சதவீதம். அரிசோனா கலம் வளர்ந்தது இண்டியம் ஆன்ட்டிமனைடு என்ற அரிய படிகத்தின்மேல், மணிக்கு ஒரு மைக்ரான் கணக்கில் நகரும் முறையில். காலியம் ஆர்சனைடுக்கும் அடியில் அதே பொருளின் விலையுயர்ந்த வில்லை வேண்டும். மேலே வளர்ந்ததை உரித்தெடுத்துவிட்டு வில்லையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினாலும் விலை இறங்கவில்லை.

இதைவிட ஆழமான பதில் ஒன்று அந்த 1 வோல்ட் சாதனைக்குள்ளேயே இருக்கிறது. படிகம் ஒற்றையாக இருந்ததால் மட்டும் அது கிடைத்துவிடவில்லை. பாஸ்பரஸ் போன்ற ஐந்தாம் தொகுதித் தனிமம் டெல்லுரியத்தின் இடத்தில் போய் அமர்ந்தால்தான் படிகத்துக்குத் தேவையான துளைகளைத் தரும். வேறிடத்தில் அமர்ந்தால் கெடுதல். டெல்லுரியத்தின் இடம் காலியாக வேண்டுமென்றால் வளரும் சூழலில் காட்மியம் மிகுந்திருக்க வேண்டும். வழக்கமான படலங்களில் பல ஆண்டுகளாகச் செம்பைச் சேர்த்து வந்தார்கள். செம்பு நிலையாக நிற்காமல் நகரக்கூடியது, துளைகளின் எண்ணிக்கையையும் போதிய அளவு உயர்த்தாது. காட்மியம் டெல்லுரைடு பேனல்கள் செய்யும் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் செம்புக்கு மாற்றாக ஆர்சனிக்கைக் கொண்டுவரும் பணியில் இறங்கியதன் பின்னணி இதுவே. ஆனால் பல்படிகப் படலத்தில் நுழைந்த ஆர்சனிக்கில் சிறு பங்கே சரியான இடத்தில் அமர்கிறது; மீதி வெறுமனே கூட்டம் சேர்க்கிறது, சிலசமயம் தொல்லையும் கொடுக்கிறது. பொருள் அதேதான், சேர்க்கும் தனிமமும் அதேதான். வளரும்போது சுற்றியிருந்த ஆவி எப்படிப்பட்டது, பிறகு எவ்வளவு மெதுவாகக் குளிர்ந்தது என்பதில்தான் வித்தியாசம். ஒற்றைப் படிகச் சாதனையை ஒழுங்கின் வெற்றி என்று படிப்பதைவிட, வளர்ப்புச் சூழலின் வெற்றி என்று படிப்பது உண்மைக்கு நெருக்கமானது.

சந்தை தீர்ப்புச் சொல்லிவிட்டதே என்பது இரண்டாவது மறுப்பு. உலகில் விற்கும் சோலார் பேனல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சிலிக்கன். அதிலும் மலிவான பல்படிகச் சிலிக்கன் கடந்த பத்தாண்டில் பின்வாங்கி, ஒற்றைப் படிகமே ஆட்சிக்கு வந்துவிட்டது. இது சரியான கவனிப்பு. சிலிக்கனில் ஒழுங்கு தேவைப்படுவதற்கான காரணத்தையும் முன்பே பார்த்தோம், அங்கே எலெக்ட்ரான் போக வேண்டிய வழி நீளமானது. ஆனால் அந்த ஒற்றைப் படிக வில்லை தன் உச்சத்தை எப்படி அடைந்தது என்று பாருங்கள். படிகம் எவ்வளவு சீராக இருந்தாலும் பரப்பில் அது முடிந்துவிடுகிறது. முடியும் இடத்தில் பிணைப்புகள் அறுந்து நிற்கின்றன. ஜப்பானின் சான்யோ நிறுவனம் வில்லையின் இருபுறமும் சில நானோமீட்டர் தடிமனுள்ள படிகமற்ற சிலிக்கன் படலத்தை வளர்த்து அந்தக் காயத்தை மூடியது. வெயிலில் தளர்ந்ததென்று கைவிடப்பட்ட அதே பொருள், இங்கே காவல் அடுக்காகத் திரும்பி வந்தது. 2022இல் சீனாவின் லாங்கி நிறுவனம் 26.8 சதவீதம் எடுத்ததும் இந்த வகைக் கலத்தில்தான். சிலிக்கனின் வெற்றிக்குள்ளும் மென்படல வளர்ப்பு நிற்கிறது.

நச்சும் பற்றாக்குறையும் மூன்றாவது மறுப்பு. காட்மியம் துத்தநாகச் சுத்திகரிப்பின் உபபொருள். டெல்லுரியத்தோடு பிணைந்து கண்ணாடிகளுக்கு நடுவில் அடைபட்டிருக்கும்போது தனிக் காட்மியத்தைவிட அதன் அபாயம் மிகக் குறைவு. பேனல் உடைந்து கைவிடப்பட்டால் என்னாகும் என்பது கேட்க வேண்டிய கேள்விதான். திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் ஏற்பாட்டைச் சட்டப்படி கட்டாயமாக்குவதே அதற்குப் பதில். டெல்லுரியத்தின் விஷயம் கடினம். செம்புச் சுத்திகரிப்பின் சேற்றிலிருந்து அது கொஞ்சம்தான் கிடைக்கிறது, தேவை கூடியது என்பதற்காக அதற்கெனத் தனியே சுரங்கம் வெட்டுவது அரிது. சதுர மீட்டருக்கு ஒன்பது கிராம் டெல்லுரியம் என்பது சிறு அளவாகத் தெரிந்தாலும் உலகம் முழுமைக்கும் பேனல் செய்யப் போதாது. படலத்தை மூன்று மைக்ரானிலிருந்து ஒன்றுக்கு இறக்கினால் அதே டெல்லுரியம் மூன்று மடங்கு பரப்புக்கு வரும். படலம் மெலிய மெலிய, முதலில் வளர்ந்த மோசமான பகுதியே மொத்தத்தில் பெரும்பங்காகிவிடும். ஊசித்துளை ஒன்று விழுந்தாலும் கலம் குறுக்கிணைப்பாகும். பற்றாக்குறைக்கான பதிலும் வளர்ப்பு அறைக்குள்தான் தேடப்பட வேண்டும்.

ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் எடுக்கும் சாதனை, ஆளுயரக் கண்ணாடியில் அப்படியே வருவதில்லை. காஞ்சிபுரம் மாவட்டம் பிள்ளைப்பாக்கத்தில் 2024 தொடக்கத்தில் திறக்கப்பட்ட ஃபர்ஸ்ட் சோலார் ஆலையில் கண்ணாடி உருளைகள்மேல் ஓடிக்கொண்டே இருக்கும்போது படலம் படிகிறது, ஆண்டுக்கு 3.3 ஜிகாவாட் அளவுக்குப் பேனல் செய்யும் திறன் அதற்கு உண்டு. ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை சூட்டில் சில டிகிரி வித்தியாசம் வந்தால் மணியின் அளவு மாறும், குளோரின் ஊடுருவும் ஆழம் மாறும். பேனலில் கலங்கள் எல்லாம் தொடராக இணைந்திருப்பதால் மிக மோசமான கலமே மொத்த மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். ஆகவே ஆலைக்குச் சாதனை எண்ணைவிடச் சீர்மையே முக்கியம். இந்தச் சீர்மை பற்றிய அறிவு ஆய்வுக்கட்டுரைகளில் மிகக் குறைவாகவே பதிவாகிறது என்பது என் வருத்தம். செயல்திறன் எண்ணைத் தசமப் புள்ளிவரை எழுதுகிறார்கள். தகடு எப்படிச் சூடேறியது, எந்த வேகத்தில் குளிர்ந்தது, அறைச் சுவரில் முந்தைய நாளின் படிவு எவ்வளவு இருந்தது என்பதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். சோடியத்தின் பங்கு வெகுநாள் தெரியாமல் போனது கண்ணாடியைப் பற்றி யாரும் எழுதத் தேவையில்லை என்று நினைத்ததால்தானே.

பெரோவ்ஸ்கைட் என்ற புதிய பொருள்வகை இந்தக் கவனத்தை இப்போது அவசரமாகக் கேட்கிறது. 2009இல் ஜப்பானில் மியசாகா குழு 3.8 சதவீதத்தில் தொடங்கிய அந்தப் பொருள், பதினைந்து ஆண்டில் 26 சதவீதத்தைத் தாண்டியது. சிலிக்கன்மேல் அடுக்கிய இரட்டைக் கலம் 2024இல் 34.6 சதவீதத்தை எட்டியது. அது கரைசலிலிருந்து, 100 டிகிரி அளவு சூட்டிலேயே படிகமாகிறது. அதன் பெரிய தாவல்களில் ஒன்று வளர்ப்பு நுட்பத்தால் வந்தது: 2014இல் கொரிய ஆய்வாளர்கள், சுழலும் தகட்டின்மேல் கரைசல் உலர்ந்துகொண்டிருக்கும்போதே டொலுவீனைச் சொட்டி, படிகக் கருக்கள் ஒரே சமயத்தில் அடர்த்தியாகப் பிறக்கும்படி செய்தார்கள். ஆனால் சுழற்றும் முறை சிறு தகட்டுக்குத்தான் சரிப்படும். கூம்புகூம்பாகச் செதுக்கிய சிலிக்கன் வில்லைமேல் கரைசல் பள்ளத்தில் தேங்கி முகட்டில் மெலியும். எனவே பல குழுக்கள் ஆவிக்குத் திரும்பியிருக்கின்றன. காட்மியம் டெல்லுரைடுக்கு வழக்கமான, மூலத்தையும் தகட்டையும் மிக அருகில் வைத்துப் பதங்கமாக்கும் முறையையே சிலர் முயல்கிறார்கள். லெட் அயோடைடு ஒழுங்காக ஆவியாகி நேர்கோட்டில் போய்ப் படிகிறது. மெத்தில் அம்மோனியம் அயோடைடு அப்படி இல்லை. அது அறை முழுதும் பரவி, சுவரில் பட்டுத் திரும்பி, மூலக்கூறுகளில் ஒரு பகுதி சிதைந்து, அளவுமானியை ஏமாற்றுகிறது. மிஞ்சியது தானே ஆவியாகி விகிதம் தானே அமைகிற அந்த வசதி இதற்கும் கிடைக்குமாறு தகட்டின் சூட்டையும் அறையின் அழுத்தத்தையும் எங்கே நிறுத்துவது என்பதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.